சைரன் ஒலித்தது ஸ்டூடியோவில்

2025 மே 8 இரவு மூங்கில்துறைப்பட்டில் எங்க வீட்டு டிவியை யாரும் அணைக்கவில்லை. கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை தாக்கிவிட்டதாகச் சில சேனல்கள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தன. என் பெரியப்பா மகன் ராணுவத்தில் இருக்கிறார். அப்போது வடக்கே ஒரு முகாமில் இருந்தார், ஃபோன் பேச முடிந்தது. "கராச்சியே போச்சாமேடா, சண்டை முடிஞ்சுடுமா?" என்று பெரியம்மா கேட்டார். "அப்படியாம்மா? எங்களுக்கு ஒண்ணும் சொல்லலையே" என்றார் அண்ணன்.

அந்த பதில்தான் என்னை உறுத்தியது. டிவி பொய் சொன்னால் நமக்குத்தான் நஷ்டம், சிப்பாய்க்கு உண்மை தெரியும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவருக்குத் தெரிவது தன் முகாமும் தனக்கு வந்த உத்தரவும் மட்டும். மிச்சப் போரை அவரும் நம்மைப் போலத்தான் கேள்விப்படுகிறார், அதுவும் அம்மா குரலில். செய்தி வாசிப்பவரை நம்பாமல் இருக்கலாம். அம்மாவின் பதற்றத்தை எப்படி ஒதுக்குவது?

மே 11 செய்தியாளர் சந்திப்பில் வைஸ் அட்மிரல் ஏ. என். பிரமோத், கராச்சி உட்பட இலக்குகளைத் தாக்கக் கடற்படை தயார் நிலையில் இருந்தது என்றார். தயாராக இருந்தது, அவ்வளவுதான். தாக்குதல் நடக்கவில்லை.

சேனல்கள் செய்த இன்னொரு காரியம், ஸ்டூடியோவுக்குள் விமானத் தாக்குதல் சைரனை ஒலிக்கவிட்டது. அதை நிறுத்தச் சொல்லி மே 10-இல் உள்துறை அமைச்சகத்தின் சிவில் பாதுகாப்புப் பிரிவு அறிவுறுத்தியது. சும்மா சும்மா கேட்டுப் பழகினால், நிஜ சைரனையும் மக்கள் டிவி சத்தம் என்று விட்டுவிடுவார்கள் என்பதுதான் காரணம். ஒரே இரவில் "ஜெயிச்சாச்சு" என்று அபாயத்தைக் குறைத்தும் காட்டினார்கள், சைரன் போட்டு ஏற்றியும் காட்டினார்கள். இரண்டுமே அளவு தப்பிய தராசு.

எது சட்டென்று நினைவுக்கு வருகிறதோ, அதையே அடிக்கடி நடப்பதாக மனசு கணக்குப் போடும். ட்வெர்ஸ்கியும் கானமனும் 1973-இல் எழுதியது இது. டிவியில் நினைவில் நிற்பது ஏவுகணை. பனி நிற்பதில்லை.

2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் பனிச்சரிவு. மெட்ராஸ் ரெஜிமென்டின் 10 வீரர்கள் புதைந்தார்கள், அதில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் 11-ஆம் தேதி இறந்துபோனார். அங்கே 2003 முதல் சண்டை நிறுத்தம். எதிரி ஒரு குண்டும் சுடவில்லை. சியாச்சினில் குண்டுக்குப் பலியானவர்களைவிட குளிருக்கும் பனிக்கும் பலியானவர்கள்தான் அதிகம். அந்த வாரம் சேனல்கள் அழுதன. மறுவாரம் சியாச்சின் காணாமல் போனது.

சேனல்களை வாயை மூடச் சொல்லவில்லை. உறுதியானது எது, யார் சொன்னது என்று பிரித்துச் சொன்னால் போதும். பெரியம்மா இன்னும் "அங்க குண்டு சத்தம் கேக்குதா?" என்றுதான் அண்ணனைக் கேட்கிறார். "குளிர் எப்படி இருக்கு?" என்று கேட்க எந்த சேனலும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.