ஜாம் போத்தலும் ரொட்டியும்: நெடும்போரின் அன்றாடத்தை வாசித்தல்

ஈழத்துக் கவிதை என்றதும் தமிழ்நாட்டு வாசகன் எதை எதிர்பார்க்கிறான்? கதறலை. இல்லாவிட்டால் வீரத்தை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷி காலையில் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, ராத்திரி பயத்தோடு படுத்து, கொஞ்சம் தூங்கியும் இருப்பாளே. 1983 முதல் 2009 வரை விட்டுவிட்டுத் தொடர்ந்த போரில் அவளுடைய நாட்கள் எங்கே போயின என்று கேட்க நம் விமர்சனத்துக்குத் தோன்றவில்லை. திருச்சியில் நான் போய்வந்த இலக்கியக் கூட்டங்களிலும் இதே கதைதான். மரணம் வருகிற கவிதையை இரண்டு முறை வாசிக்கச் சொல்வார்கள். மண்ணெண்ணெய் வருகிற கவிதையை 'வெறும் தகவல்' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இந்த ஒதுக்கலுக்குப் பின்னால் ஓர் அனுமானம் இருக்கிறது: உணர்ச்சி அசாதாரணமான கணங்களில் நிகழ்வது, அன்றாடம் வெறும் பழக்கம். நெடும்போர் இதைத் தலைகீழாக்கிவிடுகிறது. 1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எரிபொருள், சவர்க்காரம், பேட்டரி எல்லாவற்றுக்கும் தடை அல்லது தட்டுப்பாடு. சனங்கள் ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு விளக்கு செய்தார்கள். சைக்கிள் சக்கரத்தைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். பனம்பழத்தைக்கொண்டு துணி துவைத்தார்கள். 'சமாளிக்கும் உத்தி' என்று பெயர் வைத்துவிட்டுச் சமூகவியல் நகர்ந்துவிடலாம். நான் இவற்றைப் பிரதிகளாக வாசிக்கச் சொல்கிறேன். நாளைக்கும் பரீட்சை உண்டு, பிள்ளை படிக்கணும் என்று சொல்கிற ஒரு வாக்கியம் அந்த விளக்கு. சக்கரம் சுற்றுகிறவன் செய்தி கேட்பதோடு, தன் பயத்துக்கு ஒரு கைவேலையும் கொடுக்கிறான்.

யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், 'ஸ்கார்டு மைண்ட்ஸ்' (1998) நூலில், போரின் துயரம் பலரிடம் உடல் உபாதையாக வெளிப்பட்டதைப் பதிவு செய்கிறார். மனசு சரியில்லை என்று சொல்லாமல், தலையிடி, நெஞ்சுநோ என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். ஆக, அழவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகாது. வலி வேறு மொழியில் பேசியது. அந்த மொழியைப் படிக்க நமக்குப் பயிற்சி இல்லை, அவ்வளவுதான்.

பயிற்சிக்கு யாழ்ப்பாணம் வரைக்கும் போகவேண்டாம். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் போதும். 1323 படையெடுப்பின்போது ஸ்ரீரங்கத்தைவிட்டு எடுத்துச்செல்லப்பட்ட நம்பெருமாள் திரும்பி வந்தது 1371-ல். 48 வருஷம். வேதாந்த தேசிகரின் அபீதிஸ்தவம் அந்தக் காலத்தில் பாடப்பட்டது என்பது மரபு. பயத்தைப் போக்கு என்று கேட்கிற துதி அது. கோயிலொழுகு பெருமாளின் அலைச்சலைச் சொல்கிறது. தீவில் கிடந்த சனங்கள் எப்படிப் பயந்தார்கள், எதைச் சமைத்தார்கள் என்பது அதன் அக்கறை அல்ல. ஆனால் ஒரு தடயம் மிஞ்சியிருக்கிறது: துலுக்க நாச்சியார். சுல்தானின் மகள் விக்கிரகத்தின் மேல் காதல்கொண்டாள் என்கிற கதையும், அவள் நினைவாக அரங்கனுக்குப் படைக்கிற ரொட்டியும், உடுத்துகிற கைலியும். வரலாற்றாசிரியர் இதைப் புனைவு என்பார். இருக்கட்டும். ஒரு ஊர் தன் பீதியைச் செரித்த விதமாக எனக்கு இது படுகிறது. படையெடுத்தவன் வீட்டுப் பெண்ணை நாச்சியாராக்கி நைவேத்தியத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். செரிப்பதில் மறைப்பதும் உண்டு. ரொட்டியில் காதல் தங்கிவிட்டது, செத்தவர்கள் தங்கவில்லை.

அதனால்தான் அன்றாடத்தைக் கொண்டாடவும் எனக்குத் தயக்கம். 'அத்தனைக்கும் நடுவில் வாழ்ந்தார்களே' என்று மெச்சுவது கதறலைக் கேட்பதைவிட நாகரிகமானதாகத் தெரியும். அதுவும் ஒரு வன்முறைதான். 1985-ல் 'மரணத்துள் வாழ்வோம்' என்று ஒரு கவிதைத் தொகுப்பு வந்தது. 1991 மே மாதம், யாழ்ப்பாணத்தில் கவிஞர் சிவரமணி தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். மற்றவர் கையில் இருந்தவைதான் மிஞ்சின. 'வாழ்வோம்' என்கிற பன்மை வினைமுற்றுக்குள் எல்லோரும் எப்போதும் அடங்கிவிடுவதில்லை. தாக்குப்பிடித்தலைப் பெருங்கதையாடலாக ஆக்கினால், தாக்குப்பிடிக்க முடியாமல் போனவர்கள் இரண்டாம் முறை வெளியேற்றப்படுகிறார்கள். ஒவ்வொரு நாளும் என்ன விலை கொடுத்து வாங்கப்பட்டது என்று கணக்குக் கேட்பதுதான் வாசிப்பின் வேலை.

இது பழங்கதையும் இல்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு, துவாக்குடிப் பக்கம் வாழவந்தான்கோட்டை என்று திருச்சியைச் சுற்றியே முகாம்கள் இருக்கின்றன. 2009-ல் போர் முடிந்தது; காத்திருப்பு முடியவில்லை. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. 2021-ல் 'அகதிகள் முகாம்' என்பது 'மறுவாழ்வு முகாம்' ஆனது. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் நீ எந்த நாடு என்கிற கேள்வி பாக்கியிருக்கிறது. அங்கிருந்து ஒருத்தி எழுதிக்கொண்டு வந்தால் நாம் எதைத் தேடப்போகிறோம்? எவ்வளவு அழுதிருக்கிறாள் என்று அளப்பதை விட்டுவிட்டு, அன்றைக்கு எதற்காக வரிசையில் நின்றாள், எங்கே கையெழுத்துப் போட்டாள், யாரிடம் சிரித்துப் பேசினாள் என்பதிலிருந்து தொடங்கலாம்.