வேலியும் அளவுகோலும்: மகளிர் விளையாட்டுப் பிரிவு பற்றிய வாதங்கள்

ஓடுகளத்தில் சுண்ணாம்புக் கோடு கிழித்தல் எளிது. அக்கோட்டின் பின்னே நிற்கத் தகுதி உடையோர் யாவர் என வரையறுத்தல் எளிதன்று. பிறப்பில் ஆண் எனப் பதிவு பெற்றுப் பின்னர்ப் பெண்ணாக வாழும் திருநங்கையர் மகளிர் போட்டிகளில் கலந்து கொள்ளலாமா என்னும் வினா, அண்மை ஆண்டுகளில் மேலைநாடுகளில், சிறப்பாக அமெரிக்காவில், விளையாட்டரங்கை விட்டு அரசியல் மேடைக்கு ஏறியுள்ளது. 2020இல் ஐடஹோ மாநிலம் இதற்கெனத் தடைச் சட்டம் இயற்றியது; வேறு பல மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. 2025 பிப்ரவரி 5ஆம் நாள் அமெரிக்க அதிபர் டோனல்ட் டிரம்ப் இது குறித்து ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். மறுநாளே அந்நாட்டின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், தன் மகளிர் போட்டிகளைப் பிறப்பில் பெண் எனப் பதிவு பெற்றோர்க்கு மட்டும் உரியனவாக்கியது.

இவ்வாதத்தில் வென்றவர் யார் என்பதைவிட, வாதம் நடைபெறும் முறையே ஆராயத்தக்கது. ஒருவரை எவ்வாறு மதித்து அழைப்பது என்பது ஒரு வினா. ஒரு போட்டியில் யாரோடு யாரை நிறுத்துவது என்பது வேறு வினா. முன்னது மாண்பைப் பற்றியது. பின்னது போட்டியின் நேர்மையைப் பற்றியது. இரண்டையும் ஒரே கயிற்றில் முறுக்கி, ஒன்றற்கு விடை கண்டால் மற்றொன்றற்கும் விடை கிடைத்துவிடும் எனக் கருதுவதே இரு தரப்பாரிடமும் காணப்படும் அடிப்படைக் குறையாகும்.

வேலி எழுந்த வரலாறு

மகளிர்க்கெனத் தனிப்பிரிவு யாரும் இரங்கி அளித்த கொடையன்று. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் மகளிர் 800 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக நடைபெற்றது. ஓடி முடித்த பெண்கள் சோர்ந்து விழுந்தனர் என்று செய்தித்தாள்கள் மிகைப்படுத்தி எழுத, அப்போட்டி நீக்கப்பட்டது. 1960இல் ரோமில்தான் அது மீண்டும் இடம்பெற்றது. மகளிர் நெடுந்தொலைவு மராத்தான் ஓட்டம் ஒலிம்பிக்கில் சேர 1984 வரை காத்திருக்க நேர்ந்தது. இத்துணைப் போராட்டத்திற்குப் பின் கிடைத்த பிரிவைக் காக்க வேண்டும் என்னும் பெண்களின் கவலையைக் குறுகிய மனப்பான்மை என ஒதுக்குதல் நேர்மையாகாது.

அப்பிரிவின் தேவையை எண்களே காட்டும். 800 மீட்டர் ஓட்டத்தில் ஆடவர் உலகச் சாதனை, 2012இல் டேவிட் ருடிஷா ஓடிய 1 நிமிடம் 40.91 விநாடி. மகளிர் சாதனை, 1983இல் ஜர்மிலா கிராட்டோச்விலோவா ஓடிய 1 நிமிடம் 53.28 விநாடி. உயரந்தாண்டுதலில் ஆடவர் சாதனை 2.45 மீட்டர், மகளிர் சாதனை 2.10 மீட்டர். இவ்வேறுபாடு பயிற்சிக் குறைவால் வந்ததன்று. சிறு வயதில் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் ஓட்டத்தில் பெரும் வேறுபாடு இல்லை. ஆண் பருவமடையும்போது டெஸ்டோஸ்டெரோன் என்னும் இயக்குநீர் பன்மடங்கு பெருகுகின்றது. எலும்பு நீள்கின்றது, தசை திரள்கின்றது, குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் கூடுகின்றது. அதன் விளைவே இவ்விடைவெளி. ஆகவே மகளிர் பிரிவு பயிரைக் காக்கும் வேலி போன்றது. வேலி இல்லையேல் பயிர் இல்லை.

இரு தரப்பும் காட்டும் சான்றுகள்

2022 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான நீச்சற் போட்டியில் லியா தாமஸ் என்னும் திருநங்கை 500 கெஜத் தன்பாணிப் போட்டியில் முதலிடம் பெற்றார். தடையை வேண்டுவோர் இவ்வெற்றியை மட்டும் எடுத்துக் கூறுவர். அதே போட்டியில் 200 கெஜ நீச்சலில் அவர் ஐந்தாம் இடத்தை மற்றொருவருடன் பகிர்ந்ததையும், 100 கெஜத்தில் எட்டாம் இடம் பெற்றதையும் அவர்கள் கூறார். எதிர்த்தரப்பார் இவ்விரண்டை மட்டும் கூறி முதல் வெற்றியை மறைப்பர்.

நியூசிலாந்தின் பளு தூக்கும் வீராங்கனை லாரல் ஹப்பர்ட் 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று முயற்சிகளிலும் தோற்று வெளியேறினார். 'திருநங்கையர்க்கு எந்த மேம்பாடும் இல்லை என்பதற்கு இதுவே சான்று' என்றனர் ஒருசாரார். ஆனால் அவர் 2019 பசிபிக் விளையாட்டுகளில் தங்கம் வென்றவர் என்பதும், தோக்கியோவில் அவர் 43 வயதினர் என்பதும் இவ்வாதத்தில் இடம்பெறவில்லை. ஒருவர் வென்றார் என்பதால் அவ்வெற்றி முறையற்றது என ஆகாது. ஒருவர் தோற்றார் என்பதால் அவர் பங்கேற்றது முறையே எனவும் ஆகாது. தனியொருவர் கதையைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் ஏரணப் பிழை.

அறிவியற் சான்றுகளும் இவ்வாறே துண்டாடப்படுகின்றன. அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2003இல், அறுவை மருத்துவம் முடிந்து ஈராண்டு கழிந்தவர் பங்கேற்கலாம் என்றது. 2015இல் அறுவையை வற்புறுத்தாது, டெஸ்டோஸ்டெரோன் அளவு ஓராண்டுக் காலம் லிட்டருக்கு 10 நானோமோலுக்குக் கீழ் இருந்தால் போதும் என்றது. பெண்களுக்கு இயல்பாக உள்ள அளவு பெரும்பாலும் 2 நானோமோலுக்குக் குறைவானது என்பதை நோக்க, அவ்வரம்பு மிகத் தளர்வானது என்னும் குறைகூறலில் உண்மை உண்டு. 2021இல் மன்றம் அப்பொறுப்பை ஒவ்வொரு விளையாட்டின் அமைப்பிடமும் விட்டுவிட்டது.

அமெரிக்க வான்படையில் பணியாற்றிய திருநங்கையரின் உடற்றகுதிப் பதிவுகளைக் கொண்டு ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. மருத்துவம் தொடங்கி ஈராண்டில், தண்டால் எடுத்தல் போன்றவற்றில் அவர்களுக்கிருந்த மேம்பாடு மறைந்தது. ஆனால் ஒன்றரை மைல் ஓட்டத்தில் மற்றப் பெண்களைவிட அவர்கள் ஏறத்தாழ 12 விழுக்காடு விரைவாகவே ஓடினர். முதற் பாதியை மட்டும் படிப்பவர் ஒரு முடிவுக்கும், பிற்பாதியை மட்டும் படிப்பவர் அதற்கு மாறான முடிவுக்கும் வருவர். முழுமையாகப் படிப்பவரோ, மேம்பாடு விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடும் என்றும், ஆராயப்பட்டோர் போட்டி வீரர் அல்லர் ஆதலின் இன்னும் அளந்தறிய வேண்டியது மிகுதி என்றும் உணர்வர்.

எண்ணிக்கையும் ஏரணமும்

2024 டிசம்பரில் அமெரிக்க மேலவையின் முன் தோன்றிய கல்லூரி விளையாட்டுச் சங்கத் தலைவர், ஏறத்தாழ 5,10,000 கல்லூரி வீரர்களுள் தமக்குத் தெரிந்த திருநர் பத்துப் பேருக்கும் குறைவு என்றார். யூட்டா மாநில ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் 2022இல் தடைச் சட்டத்தை ஏற்க மறுத்தபோது, தம் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளில் விளையாடும் 75,000 மாணவருள் திருநர் நால்வரே என்றும், அவருள் மகளிர் பிரிவில் ஆடுபவர் ஒருவரே என்றும் எடுத்துரைத்தார். சட்டமன்றம் அவர் மறுப்பை மீறிச் சட்டத்தை நிறைவேற்றியது.

இவ்வெண்கள் இரு பக்கமும் வெட்டும் வாளாகும். மகளிர் விளையாட்டே அழிகிறது என முழங்குவோரின் மிகையை இவை காட்டிக் கொடுக்கின்றன. அதே வேளையில், 'சிலரே உளர். ஆகவே சிக்கல் இல்லை' என்னும் மறுமொழியும் நிறைவானதன்று. இறுதிப் போட்டியில் இடம் எட்டே, பதக்கம் மூன்றே. ஓரிடம் இழந்த பெண்ணுக்கு அவ்விழப்பு முழுமையானது. நேர்மை பற்றிய வினாவைத் தலைகளை எண்ணித் தீர்க்க இயலாது.

பெயரும் பிரிவும்

சொல்லின் பொருளைத் திரித்தல் இவ்வாதத்தின் மற்றொரு குறை. இங்குத் தமிழ் பயில்வோர்க்குப் பழகிய இலக்கணம் ஒரு தெளிவைத் தருகின்றது. ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயருக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அது உயர்திணைப் பால் ஈறுகளையே கொள்ளும் என்றும் தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறுகின்றது. ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலில் வைக்கின்றது நன்னூல். பழம் நூல்கள் கூறும் பேடு என்னும் சொல்லும் இன்றைய திருநங்கை என்னும் சொல்லும் முற்றும் ஒரு பொருளன அல்ல. எனினும் இலக்கண ஆசிரியர் அன்னாரை உயர்திணையில் நிறுத்தி, அவர் நாடிய பாலால் அழைத்தனர் என்பது கருதத்தக்கது. ஆகவே, ஒரு திருநங்கையை 'அவள்' எனக் கூற மறுத்து 'அவன்' என இழித்துரைக்கும் அரசியல்வாதி, போட்டியின் நேர்மையைக் காக்கவில்லை, மாண்பையே குலைக்கின்றார். ஆயினும் சொல்லுக்கு விகுதி தரும் இலக்கணம் ஓட்டத்திற்கு விதி தராது. பெண்பாலில் அழைக்கப்படுதல் ஒன்றே மகளிர் பிரிவில் நிற்பதற்குப் போதிய தகுதி என்னும் வாதமும், பெயரையும் பிரிவையும் குழப்பியதன் விளைவே.

இதனினும் பெரிய குழப்பம், பிறப்பிலேயே உடற்கூற்று வேறுபாடு கொண்ட பெண்களைத் திருநங்கையரோடு சேர்த்துப் பேசுதல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அல்ஜீரியக் குத்துச்சண்டை வீராங்கனை இமான் கெலிஃப் பெண்ணாகப் பிறப்புப் பதிவு பெற்றுப் பெண்ணாகவே வளர்ந்தவர். அவருடைய தகுதி குறித்து மருத்துவ வினாக்கள் எழுந்தன என்பது உண்மை. ஆனால் அவர் திருநங்கை அல்லர். இருந்தும் பல நாட்டு அரசியல்வாதிகள் அவரைப் பெண் வேடம் பூண்ட ஆண் எனவே தூற்றினர்.

வேலியே பயிரை மேய்தல்

வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்பது பழமொழி. பெண்களைக் காக்க எழுந்த விதிகள் பெண்களையே வருத்திய வரலாறு நெடியது. 1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனையர் மருத்துவர் முன் ஆடையின்றி நிற்க நேர்ந்தது. 1968இல் ஒலிம்பிக் மன்றம் குரோமோசோம் சோதனையைப் புகுத்தியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் எண்மர் அத்தகைய சோதனையில் சிக்கினர். ஆராய்ந்தபின் எண்மரும் போட்டியிட இசைவு பெற்றனர். 1999இல் அனைவர்க்குமான சோதனை கைவிடப்பட்டது.

தமிழுலகம் இதன் வலியை நேரிற் கண்டது. புதுக்கோட்டை மாவட்டக் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளர் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுகளின் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பின்னர் நடந்த பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை எனக் கூறிப் பதக்கம் பறிக்கப்பட்டது. மறைவாகக் காக்க வேண்டிய மருத்துவச் செய்தி ஊரறிய நாடறியப் பரவியது. அவர் திருநங்கை அல்லர். பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர். எவ்விதியை மீறினார் என்பது அவருக்கே விளங்குமுன் ஊர் தீர்ப்புக் கூறிவிட்டது.

யூட்டாவில் 2022இல் நிகழ்ந்ததும் இத்தகையதே. மாநிலப் போட்டியொன்றில் முதலிடம் பெற்ற ஒரு மாணவியைப் பற்றி, அவளுக்கு அடுத்த இடங்களைப் பெற்றோரின் பெற்றோர் ஐயம் எழுப்பினர். பள்ளி விளையாட்டுப் பொறுப்பாளர்கள் அவளுக்கும் குடும்பத்திற்கும் அறிவிக்காமலே, பாலர் பள்ளி நாள் வரையிலான அவளுடைய பதிவேடுகளைத் துருவினர். அவள் என்றும் பெண்ணாகவே பதிவு பெற்றவள் என்பதே கண்ட முடிவு. நன்றாக ஓடுபவள், தோள் அகன்றவள், தலைமயிரைக் குறுக வெட்டியவள் ஆகிய எந்தச் சிறுமியும் ஐயத்திற்கு உரியவள் ஆவாளாயின், வேலி தன் பணியை மறந்தது என்பதே பொருள்.

அளவுகோலின் இலக்கணம்

இவற்றால் விதியே வேண்டா என்பது பெறப்படவில்லை. விதிக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்பதே பெறப்படுகின்றது. இந்திய வீராங்கனை தூத்தி சந்த் தொடுத்த வழக்கில் விளையாட்டு நடுவர் மன்றம் 2015இல் அதனைத் தெளிவாக்கியது. மேம்பாடு உண்டு என்று கூறினால் மட்டும் போதாது. அது தடை விதிக்கும் அளவுக்குப் பெரிதா என்பதற்குச் சான்று வேண்டும் எனக் கூறி, அம்மன்றம் அன்றைய விதியை நிறுத்தி வைத்தது. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயம் 2025 ஜூலையில், சுவிஸ் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கைப் போதிய ஆழத்துடன் ஆராயவில்லை என்று தீர்ப்பளித்தது. சான்று, முறையான விசாரணை ஆகிய இரண்டும் விதியின் உறுப்புகள் என்பதை இத்தீர்ப்புகள் உணர்த்துகின்றன.

உலக நீச்சல் அமைப்பு 2022இலும், உலகத் திடல்தட அமைப்பு 2023இலும், ஆண் பருவ வளர்ச்சி அடைந்த திருநங்கையரை மகளிர் பிரிவிலிருந்து விலக்கின. பதக்கமும் பரிசும் சாதனையும் தீர்மானிக்கப்படும் உயர்மட்டப் போட்டிகளில், எண்களும் உடலியலும் காட்டும் சான்றை நோக்க, இதற்குக் காரணம் உண்டு எனல் வேண்டும். ஆனால் அதே தடையைப் பருவமடையாத பத்து வயதுக் குழந்தையின் பள்ளிப் பந்தாட்டத்திற்கும் நீட்டுவோர், எந்தக் காரணத்தால் விதி பிறந்ததோ அக்காரணம் இல்லாத இடத்தில் விதியை மட்டும் நடுகின்றனர். 2025 செப்டம்பர் முதல் உலகத் திடல்தட அமைப்பு மகளிர் பிரிவிற்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அச்சோதனையின் முடிவு மறைவாகக் காக்கப்படுமா, அதனால் அதிர்ச்சிக்கு உள்ளாகும் பெண்ணுக்கு மருத்துவத் துணையும் முறையீட்டு உரிமையும் கிடைக்குமா என்பவற்றைக் கொண்டே அதன் தகுதியை மதிப்பிட வேண்டும்.

வகுப்பறையில் இப்பொருளை விவாதிக்க முனையும் ஆசிரியர், முதலில் மாணவரைப் பெயரையும் பிரிவையும் பிரித்துப் பார்க்கச் செய்தல் நலம். அதன்பின் எந்த விளையாட்டு, எந்த வயது, எந்த மட்டம், என்ன சான்று எனக் கேட்கச் செய்யலாம். நேர்மையின் பொருட்டு ஒருவரைப் போட்டியிலிருந்து விலக்க நேரினும், அவரை இகழ்தற்கு எவர்க்கும் உரிமை இல்லை. தோகாவில் பதக்கத்தை இழந்த சாந்தி, 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராகப் பணியேற்று, இளையோரை ஓடப் பயிற்றுவித்தார். வாதிடுவோர் மறந்துவிட்ட மாண்பை அவரே களத்திற்கு மீட்டு வந்தார்.