அச்சம் அறமாகுமா?

1516 ஆம் ஆண்டு, இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் கூடிய மதகுருமார் அவை ஓர் ஆணை பிறப்பித்தது. லுக்ரீஷியஸ் என்னும் ரோமானியக் கவிஞனின் நூலைப் பள்ளி ஆசிரியர் எவரும் கற்பித்தல் ஆகாது. மீறினால் முடிவற்ற நரகம். அத்துடன் 10 டுகாட் தண்டம்! நரகம் ஒன்றே போதும் என்று அவையோரே நம்பவில்லை போலும்; காசையும் சேர்த்துக் கேட்டனர்!

அவர்களை அவ்வளவு அஞ்ச வைத்த நூல் எது? கி.மு. முதல் நூற்றாண்டில் இலத்தீன் மொழியில் எழுந்த ‘பொருள்களின் இயல்பு’. கிரேக்கப் பேரறிஞன் எபிகூரஸின் (கி.மு. 341–270) கொள்கையை ஆறு பகுதிகளில் விரித்துரைக்கும் காவியம் அது. அணுவும் வெளியுமே உலகம். இடி தேவனின் படைக்கலம் அன்று. உடலோடு உயிரும் கலையும். ஆகவே செத்தபின் சித்திரவதை இல்லை. இவையே அது கூறும் செய்திகள்.

கசப்பு மருந்தைச் சிறுவர் பருகக் கிண்ணத்தின் விளிம்பில் தேன் தடவும் மருத்துவனுக்குத் தன்னை ஒப்பிடுகிறான் கவிஞன். மதம் இன்றேல் ஒழுக்கம் ஏது என்போர்க்கு அவன் தரும் விடையோ, கப்பல்களுக்குக் காற்று வேண்டிப் பெற்ற மகளையே பலிபீடத்தில் ஏற்றிய அகமெம்னான்! பக்தி குறைந்தா அப்பாதகம் நிகழ்ந்தது? மிகுந்தன்றோ நிகழ்ந்தது!

இத்தகைய நூலை இளைஞர் கையில் தரலாமா? தரலாம், தரவேண்டும். ஆனால், போற்றுதல் வேறு, பூசித்தல் வேறு. ஆசானை ‘கடவுள்’ என்றே லுக்ரீஷியஸ் பாடுகிறான். கடவுளரை அகற்ற வந்தவனே காலியான பீடத்தில் தன் குருவை அமர்த்துவதா? கதிரவன் கண்ணுக்குத் தோன்றும் அளவினதே என்ற எபிகூரஸின் பிழையையும், பொது வாழ்வினின்று ஒதுங்குக என்ற அவன் அறிவுரையையும் நாம் ஏற்பதற்கில்லை. ஒதுங்கி நிற்போரால் உலகம் திருந்தியதுண்டா?

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. அநீதி தன்னளவில் தீதன்று, பிடிபடுவோமோ என்ற அச்சமே அதிலுள்ள தீது என்கிறான் எபிகூரஸ். ‘பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்’ என்று குழந்தையை மிரட்டும் பாட்டிக்கும் இவனுக்கும் வேறுபாடு என்ன? வானத்திலிருந்த ஒற்றன் காவல் நிலையத்துக்கு இடம் மாறினான், அச்சம் மாறவில்லையே! எவரும் காணாத இருட்டில் அக்குழந்தை என்ன செய்யும்?

விடை எபிகூரஸிடமே உண்டு. ஒருவருக்கொருவர் தீங்கிழையோம், தீங்குறோம் என்ற உடன்பாடே நீதி என்றான் அவன். இன்பங்களில் தலையாயது நட்பு என்றான். பெண்டிரையும் அடிமைகளையும் தன் ஏதென்ஸ் தோட்டத்துப் பள்ளியில் சேர்த்துச் சொன்னபடி வாழ்ந்தும் காட்டினான். இங்கிருந்து தொடங்குவோம். ‘உன்னை அடித்தால் உனக்கு வலிக்கிறது, அவனுக்கும் அப்படித்தானே?’ என்று கேட்போம். இக்கேள்விக்கு விடை காண வானத்தை நோக்கவேண்டியதில்லை. எதிரில் நிற்பவன் முகத்தை நோக்கினால் போதும்.

ஆதியில் வெறுமை இருந்தது என்று ஆசிரியர் கற்பிக்க, அவ்வெறுமை எதிலிருந்து வந்தது என்று சிறுவன் எபிகூரஸ் கேட்டானாம், ஆசிரியர் திகைத்தாராம். அக்கேள்வியே அவன் நமக்கு விட்டுச் சென்ற செல்வம். நம் பிள்ளைகள் அதை நம்மிடமும் கேட்கட்டும், எபிகூரஸிடமும் கேட்கட்டும்! கேட்கும் பிள்ளையை அடக்காதிருப்பதே அறக்கல்வியின் முதற்பாடம்.