கிளாவிக்கிள்: சாவியா, காறையா?

எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் ‘கிளாவிக்கிள்’ என்று பார்த்துவிட்டு இணையத்தில் தேடினால் ஒரு விளக்கம் கிடைக்கும். லத்தீனில் ‘கிளாவிஸ்’ சாவி, ‘கிளாவிக்குலா’ சின்னச் சாவி. கையைத் தூக்கும்போது இந்த எலும்பு சாவி மாதிரி திரும்புவதால் இந்தப் பேர். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் முதல் பாதிதான் உறுதி.

எலும்பு திரும்புவது உண்மை. ஆனால் இன்மன் குழுவினர் அதை அளந்து எழுதியது 1944-ல். பெயரோ மிகப் பழசு. கிரேக்கத்தில் ‘கிளைஸ்’ என்றால் சாவி, தாழ்ப்பாள். இந்த எலும்புக்கும் அதே சொல்தான். ஹோமரின் இலியத்திலேயே அது இருக்கிறது. பழங்காலக் கிரேக்கக் கோயில் சாவி நீளமான, இரண்டு இடத்தில் வளைந்த கம்பி. உங்கள் கழுத்துக்குக் கீழே விரலை ஓட்டிப் பாருங்கள், இரண்டு வளைவும் தட்டுப்படும். பெயருக்கு அந்த உருவமே போதும்.

இதில் முக்கியமானது வேறு. லத்தீன் சொல்லே கிரேக்கத்திலிருந்து பெயர்த்ததுதான். முதல் நூற்றாண்டில் செல்சஸ் எழுதிய லத்தீன் மருத்துவ நூலில் இதற்கு ‘யூகுலம்’ என்ற வேறு சொல் இருக்கிறது. ஆக, ‘மூலச்சொல்லைத் தொடக்கூடாது’ என்ற வாதம் இங்கே நிற்காது.

தமிழில் காறை எலும்பு. காறை என்பது கழுத்தில் அணியும் வளைய நகை. அணியும் இடத்தை வைத்து வந்த பேர். சாவியை விடத் தெளிவு. ஆனால் இணையத்தில் பாதிப் பேர் ‘காரை எலும்பு’ என்று எழுதுகிறார்கள். காரை சுண்ணாம்புப் பூச்சு! ஒரு எழுத்து மாறினால் நகை சுவராகிவிடும்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. எங்க ஜேடர்பாளையம் பக்கம் பைக்கிலிருந்து விழுந்தவர் ‘தோள்பட்டை போயிருச்சுங்க’ என்பார். பாடநூலில் தோள்பட்டை எலும்பு முதுகுப்பக்கம் இருக்கும் ஸ்காபுலா. உடைந்ததோ முன்பக்கம். கையில் உள்ள ரிப்போர்ட்டில் கிளாவிக்கிள். மூன்றும் ஒட்டவில்லை.

யாழ்ப்பாணம் மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் 1860-களிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார், உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். சொல் இல்லாமல் நாம் நிற்கவில்லை. ரிப்போர்ட்டில் ‘கிளாவிக்கிள்’ பக்கத்தில் ‘காறை எலும்பு’ என்று எழுத ஒரு வரிகூட ஆகாது. றகரத்தை மட்டும் பார்த்து எழுதுங்க.