கங்கையில் ஒரு கான்வகேஷன்

கடைசி செமஸ்டர் முடிந்து கூட்டமாக ஊர் சுற்றக் கிளம்பும் பிள்ளைகள் கேட்டால் ரிஷிகேஷைத்தான் சொல்வேன். சிவபுரியில் ரப்பர் படகில் ஏறினால் ரிஷிகேஷ் வரை கங்கையில் சுமார் 16 கிலோமீட்டர். வழியில் வரும் நீர்ச்சரிவுகளுக்கு ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று பெயர். வைத்தவர் குறும்புக்காரர்.

அலையைவிட என்னை ஈர்ப்பவர், படகின் பின்முனையில் உட்கார்ந்திருக்கும் வழிகாட்டி. கரையிலேயே பாடம் தொடங்கிவிடும். துடுப்பின் மேல்முனைக் கைப்பிடியை ஒரு கை எப்போதும் பொத்தியிருக்க வேண்டும். விட்டால் பக்கத்திலிருப்பவன் பல் போகும். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். எழுந்து நின்றால் பாறையிடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும்.

தூரத்தில் நுரை தெரியும்போதே, பாறைகளுக்கு நடுவே வழவழப்பாக இறங்கும் நீரை அவர் கண்டுவிடுவார். படகின் மூக்கு அங்கே நேராகப் போக வேண்டும். பக்கவாட்டில் திரும்பினால் அலை கவிழ்த்துவிடும். “ஃபார்வர்டு!” என்பார். நாலு வருஷமாக எந்தப் பேராசிரியர் சொல்லையும் கேட்காத கூட்டம் ஒரே வீச்சில் துடுப்பு போடும். பயத்தில்தான், இருக்கட்டுமே.

மே மாதத்திலும் அந்தத் தண்ணீர் பனி உருகி வந்தது. முதல் அலையிலேயே மூச்சு முட்டும்.

லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்துப் பார்க்காத வழிகாட்டியின் படகில் ஏறாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் வெள்ளத்துக்குப் பயந்து படகு விடுவதில்லை. பட்டம் கைக்கு வரட்டும் என்று காத்திராமல் ஜூனுக்குள் போய்வந்துவிடுங்கள்.