கையடக்கக் காணொலிக்கருவியும் நெய்தலின் அன்றாடமும்: கோவளக் கடற்கரையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

விலை குறைந்த, சட்டைப்பையில் அடங்கும் காணொலிக்கருவிகள் பரவிய பின்னர்க் கடற்கரை வாழ்வின் அன்றாடம் அங்கு வாழ்வோராலேயே பதிவு செய்யப்படுகிறது. தமிழ் ஆவணப்பட ஆய்வுகள் போராட்டத்தையும் பேரிடரையும் பொருளாகக் கொண்ட படங்களுக்கே முதன்மை தந்துள்ளமையால், இவ்வன்றாடப் பதிவுகள் திறனாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த கோவளத்தை முன்வைத்து, அலைச்சறுக்குப் பதிவு, படகுப் பதிவு என்னும் இரு வகைகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. இப்பதிவுகள் எவற்றைக் காட்டுகின்றன, எவற்றை விடுகின்றன, கடற்கரை உரிமைக்கு அவை எவ்வளவு சான்றாகும் என்பவற்றைத் திணைக்கோட்பாட்டின் துணையுடன் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கையடக்கக் காணொலிக்கருவி, அன்றாடப் பதிவு, நெய்தல், கோவளம், கடற்கரை உரிமை.

முன்னுரை

எழுத்தாளனின் பேனாவைப் போலத் திரைக்கலைஞனின் கையில் கேமரா இயங்க வேண்டும் என்னும் கருத்தைப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் அலெக்ஸாந்தர் அஸ்த்ரூக் 1948இல் முன்வைத்தார். அக்கருத்து நடைமுறைக்கு வர விலையும் எடையும் குறைய வேண்டியிருந்தது. 1967இல் சோனி நிறுவனத்தின் போர்ட்டாபேக் தோளில் சுமக்கும் அளவுக்குக் கருவியைச் சுருக்கியது. பியூர் டிஜிட்டல் நிறுவனத்தின் ஃபிளிப் கேமரா 2007 அளவில் ஒரே சிவப்புப் பொத்தானால் இயங்கும் எளிய கருவியாக அமெரிக்கச் சந்தையில் பரவியது. அந்நிறுவனத்தைச் சிஸ்கோ 2009இல் சுமார் 59 கோடி டாலர் மதிப்பில் வாங்கி, இரண்டே ஆண்டுகளில், 2011 ஏப்ரலில், ஃபிளிப் தயாரிப்பை நிறுத்தியது. கருவி மறைந்தாலும் அது உருவாக்கிய பழக்கம் திறன்பேசிக்கு இடம்பெயர்ந்தது.

இதன் இணைவரலாறாகக் கோப்ரோ கேமராவைக் கருதலாம். அலைச்சறுக்கு வீரரான நிக் உட்மன் 2002இல் தொடங்கிய நிறுவனம், 2004இல் மணிக்கட்டில் கட்டும் படச்சுருள் கேமராவையும் 2009இல் உயர்தெளிவுக் காணொலிக்கருவியையும் வெளியிட்டது. அலையில் செல்லும் உடலைப் படம்பிடிப்பதற்கென்றே அது பிறந்தது. அலைச்சறுக்கும் மீன்பிடித் தொழிலும் ஒரே கரையில் நிகழும் கோவளத்தில் அதன் பார்வையைச் சோதித்துப் பார்ப்பது பொருத்தமுடையது.

கோவளம்: ஒரு கரை, பல பார்வைகள்

கர்நாடக நவாப் காலத்தில் துறைமுகமாகவும் பின்னர் ஐரோப்பியர் போட்டியிட்ட கோட்டையாகவும் விளங்கிய கோவளம், 1752இல் ராபர்ட் கிளைவால் கைப்பற்றப்பட்டது. இன்று அங்கு மீனவர் குடியிருப்பு, கார்மேல் மாதா ஆலயம், தர்கா, விடுதிகள் ஆகியவை அருகருகே அமைந்துள்ளன. உள்ளூர் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த மூர்த்தி மேகவனின் முயற்சியால் அலைச்சறுக்குப் பயிற்சி வேரூன்றியது. 2013இல் தொடங்கிய அலைச்சறுக்கு விழா ஊரின் பெயரை வெளியுலகில் பரப்பியது. 2021 செப்டம்பரில், டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு வழங்கும் நீலக்கொடிச் சான்று கோவளக் கடற்கரைக்குக் கிடைத்தது.

இவை ஒவ்வொன்றும் கரையின் ஒரு படிமத்தை முன்னிறுத்துகின்றன. நீலக்கொடியின் படிமத்தில் கரை என்பது தூய மணலும் குளிப்பதற்குரிய நீரும் ஆகும். அலைச்சறுக்கின் படிமத்தில் அது திறனை வெளிப்படுத்தும் களம். மீனவருக்கோ அது படகு ஏற்றி நிறுத்தும் இடம், வலை உலர்த்தி முடிச்சிடும் இடம், மீன் ஏலம் கூறும் இடம். இம்மூன்றாவது படிமத்திற்குச் சுற்றுலாக் கையேடுகளில் இடம் குறைவு. ஆகவே மீனவரே தம் நாளைப் பதிவு செய்யும் செயலுக்குத் தனிச் சிறப்பு உண்டாகிறது.

அலைச்சறுக்குப் பதிவும் படகுப் பதிவும்

இருவகைப் பதிவுகளும் ஒத்த கருவிகளால் எடுக்கப்படினும் அவற்றின் வடிவம் வேறுபடுகிறது. அலைச்சறுக்குப் பதிவில் அகன்ற கோணக் கண்ணாடி உடலை நடுவில் நிறுத்திக் கடலை அதைச் சூழும் வளைவாக மாற்றுகிறது. நீர்புகாத மூடியிட்ட உறைக்குள் கருவி இருக்கும்போது ஒலி மங்கிப் போவதால், தொகுப்பின்போது பெரும்பாலும் இசை சேர்க்கப்படுகிறது. விளைவாகக் கடல் பேசாத காட்சியாகிறது. ஒரு பதிவு சில நொடிகளில் முடிகிறது. அலை எழுந்து உடைவதே அதன் கால அளவு.

படகுப் பதிவு இதற்கு மாறானது. 'தூத்துக்குடி மீனவன்', 'உங்கள் மீனவன் மூக்கையூர்' முதலிய யூடியூப் அலைவரிசைகள் இவ்வகையைத் தமிழில் நிலைபெறச் செய்தன. கடலுக்குச் செல்லல், வலை விடுதல், காத்திருத்தல், வலை இழுத்தல், மீன் பிரித்தல், படகிலேயே சமைத்து உண்ணல் என்னும் தொழில்வரிசையே அவற்றின் கதைப்பின்னலாக அமைகிறது. இங்குப் பேச்சு இன்றியமையாதது. காற்றின் திசையும் நீரோட்டமும் படச்சட்டத்தில் தெரிவதில்லை. சென்னைக் கடற்கரையில் 'வெள்ளம்' என்றும் தென்கரையில் 'நீவாடு' என்றும் வழங்கும் நீரோட்டத்தைப் பார்வையாளன் அறிவது, கருவியைப் பிடித்திருப்பவரின் சொல்லால்தான். வாடை, கொண்டல், கச்சான் என்னும் காற்றுப் பெயர்களும் அவ்வாறே. அச்சொற்கள் வட்டார அகராதிகளில் பொருள் விளக்கம் மட்டும் பெற்றுள்ளன. படகுப் பதிவில் அவை எந்தச் சூழலில், எந்தக் கணத்தில் சொல்லப்படுகின்றன என்பதும் சேர்ந்தே கிடைக்கிறது.

கருவியின் குறைபாடும் இங்குப் பொருள் தருகிறது. சிறிய ஒலிவாங்கியில் காற்று மோதும்போது எழும் இரைச்சல் பேச்சை விழுங்குகிறது. காற்றைப் பற்றிப் பேசும் சொல்லைக் காற்றே அழிக்கும் இவ்விடங்களைப் பதிவின் பிழை என்று ஒதுக்குவதைவிட, தொழில் நிகழும் சூழலின் நேரடித் தடம் என்று கொள்வதே தக்கது. சிறு உணரியைக் கொண்ட மலிவான கருவி மங்கிய ஒளியில் திணறும். படகுகள் கடலிறங்கும் விடியலுக்கு முந்தைய பொழுது புள்ளிகள் நிறைந்த இருளாகவே பதிவாகிறது. நாளின் கடினமான பகுதி காட்சியில் குறைந்து, வெளிச்சம் வந்தபின் நிகழும் மீன்பாடு மிகுந்து தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெய்தல்: இடம் மாறிய குரல்

தொல்காப்பியம் முதல், கரு, உரி என்று வகுக்கும் பொருள்களுள், அன்றாடப் பதிவு கருப்பொருளையே மிகுதியாகக் கொண்டிருக்கிறது. உணவு, தொழில், பறவை, மரம் ஆகியவை சட்டகத்தை நிறைக்கின்றன. இதனால் இப்பதிவுகளை 'இக்கால நெய்தல்' என்று பாராட்டும் போக்கு எளிதில் தோன்றலாம். அவ்வொப்பீடு இரண்டு இடங்களில் தடைப்படுகிறது.

முதலாவது பொழுது. இலக்கணம் நெய்தலுக்கு எற்பாட்டையும் மருதத்திற்கு வைகறையையும் உரியதாக்குகிறது. படகுத் தொழிலின் நாளோ பெரும்பாலும் வைகறையில் தொடங்குகிறது. இதை இலக்கணத்தின் பிழை எனக் கொள்ள வேண்டியதில்லை. எற்பாடு என்பது கரையில் காத்திருப்போரின் பொழுது. வைகறை கடலுக்குச் செல்வோரின் பொழுது. பார்க்கும் இடம் மாறும்போது பொழுதும் மாறுகிறது.

இரண்டாவது, இதன் தொடர்ச்சியான குரல். இரங்கலை உரிப்பொருளாகக் கொண்ட நெய்தல் அகப்பாடல்களில் தலைவியும் தோழியும் கரையில் நின்று பேசும் கூற்றுகள் மிகுதி. உலரும் மீனைப் பறவைகளிடமிருந்து காக்கும் பரதவர் மகளிர் அங்குக் காட்சிப்பட்டுள்ளனர். கடலுக்குச் சென்றவனின் தொழில் பின்னணியாக நிற்கிறது. படகுப் பதிவில் இவ்வமைப்பு தலைகீழாகிறது. கருவி ஆண்களுடன் படகேறுவதால் சென்றவனின் நாள் முழுமையாகப் பேசப்படுகிறது, கரை மௌனமாகிறது. ஏலத்தில் மீன் எடுத்தல், பனிக்கட்டியிடல், கருவாடு காயவைத்தல், கூடையுடன் சந்தைக்குச் செல்லல், கடன் திருப்பல் ஆகிய பெண்களின் பணிகள் பதிவின் இறுதியில் கூட்டமாகத் தோன்றி மறைகின்றன, அல்லது இடம்பெறுவதே இல்லை. கையடக்கக் கருவி எளியோர் கைக்கு வந்தது என்னும் கூற்று உண்மையே. எனினும் அக்கை பெரும்பாலும் ஆணின் கையாக இருப்பதைச் சேர்த்துக் கூறாவிடில் அது அரை உண்மையாகும்.

இந்நிலை கருவியின் இயல்பால் விளைந்ததன்று. அகமதாபாத்தில் சேவா அமைப்பைச் சேர்ந்த உழைக்கும் பெண்கள், எழுதப் படிக்கத் தெரியாதோர் உட்பட, 1984 முதல் காணொலிப் பயிற்சி பெற்றுத் தம் தொழிலைத் தாமே பதிவு செய்தனர். கரைப் பணிக்கும் கருவி கிடைத்தால் வேறொரு பதிவு தோன்றும் என்பதற்கு இது முன்சான்று.

நிகழ்வும் அன்றாடமும்

ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்', திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) முதலிய படங்கள் தமிழ் ஆவணப்பட வரலாற்றில் பெற்ற இடம் நியாயமானது. ஒக்கிப் புயலையொட்டி வெளிவந்த 'ஒருத்தரும் வரேல' கடற்கரை மக்களின் துயரைப் பேசியது. இவை யாவும் அழிவுக்குப் பின் தொடங்குபவை. ஆர்.வி. ரமணியின் 'மை கேமரா அண்ட் சுனாமி' (2011) சற்று விலகி நிற்கிறது. 2004 ஆழிப்பேரலையில் அழிந்த தம் கேமராவையும் அதிலிருந்த கடைசிப் பதிவையும் பற்றியது அப்படம். பேரிடரைப் பொதுத் துயரமாக மட்டும் காட்டாமல், ஒருவருக்கும் அவர் நாள்தோறும் உடன்கொண்டிருந்த கருவிக்கும் இடையிலான உறவு அறுபட்டதாகவும் அது காண்கிறது. அன்றாடப் பதிவின் மதிப்பு அதன் இழப்பில் புலப்படுவதை இப்படத்தின்வழி உணரலாம்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். பார்வையாளர் எண்ணிக்கையையும் விளம்பர வருவாயையும் நாடும் பதிவுகள் உண்மையான அன்றாடமாகுமா என்பது அது. மறுப்பில் பொருளுண்டு. பெரிய மீனும் அரிய மீனும் முகப்புப் படமாகின்றன. வெறுங்கையுடன் திரும்பிய நாள்கள் பதிவேறுவது குறைவு. எனவே இணையத்தில் ஏற்றப்பட்டவற்றை மட்டும் வைத்து மீன்வளத்தையோ வருவாயையோ மதிப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். தொகுக்கப்படாத மூலப்பதிவுகளே ஆய்வுக்கு முதன்மையானவை. அவையோ நினைவக அட்டையில் இடம் வேண்டி அழிக்கப்படுகின்றன.

சான்றாகும் பதிவு

அன்றாடப் பதிவு அழகியலோடு முடிவதன்று. 2011 ஜனவரி 6ஆம் நாள் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவக் குடியிருப்புகளையும் மீனவர்களின் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் இடங்களையும் நிலவரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. பட்டா இல்லாத, பருவந்தோறும் எல்லை மாறும் மணல்வெளியில் வழக்காற்று உரிமையை மெய்ப்பிப்பது கடினம். எந்த மாதத்தில் எத்தனை படகுகள் எங்கு ஏற்றப்பட்டன, வலைகள் எங்கு விரிக்கப்பட்டன என்பதைத் தொடர்ச்சியாகக் காட்டும் எளிய காணொலிகள் இங்குப் பயன்படும். பெண்களின் பணி பதிவாகாமை வெறும் அழகியல் குறையாக நிற்காததும் இதனாலேயே. மீன் உலர்த்தும் இடம் காட்சியில் இல்லாவிடில் வரைபடத்திலும் விடுபட வாய்ப்புண்டு.

ஆயினும் பதிவு தானாகவே சான்றாகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாக முன்வைக்க, கருவியையும் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் குறிப்பிடும் சான்றிதழ் தேவை. மலிவான கருவிகளில் மின்கலம் முற்றிலும் தீர்ந்தால் நாள்காட்டி தொடக்க நாளுக்குத் திரும்பிவிடுவது உண்டு. இணையத்தில் ஏற்றும்போது கோப்பு சுருக்கப்பட்டு மூலக்கோப்பின் தன்மையை இழக்கிறது. அகன்ற கோணக் கண்ணாடி தொலைவை மிகுத்துக் காட்டுவதால், கரைக்கும் படகுக்கும் உள்ள இடைவெளியைக் காட்சியிலிருந்து கணிக்க இயலாது. நாளைச் சரிபார்த்தல், மூலக்கோப்பைப் பேணல், நிலையான அடையாளம் ஒன்றைச் சட்டகத்துள் வைத்தல் என்னும் எளிய நடைமுறைகள் இக்குறைகளைப் பெரிதும் நீக்கும்.

கனடாவின் ஃபோகோ தீவு மீனவரிடையே 1967இல் தேசியத் திரைப்பட வாரியம் மேற்கொண்ட முயற்சி இங்கு நினைக்கத்தக்கது. தீவைவிட்டுப் பெயரும் நெருக்கடியிலிருந்த மக்களின் பேச்சையும் வாழ்வையும் பதிவு செய்த 27 சிறுபடங்கள், முதலில் அம்மக்களுக்கே திரையிடப்பட்டன. பிரிந்து கிடந்த ஊர்கள் ஒன்றையொன்று கண்டு உரையாடின. மீனவர் கூட்டுறவு உருவாயிற்று. பதிவு வெளியாருக்குச் செல்லுமுன் ஊருக்குள் பார்க்கப்பட வேண்டும் என்னும் அம்முறையே, இன்றைய தனிநபர் அலைவரிசைகளிடம் பெரிதும் காணப்படாதது.

முடிவுரை

கையடக்கக் காணொலிக்கருவி கோவளம் போன்ற கரைகளில் இருவகைக் கடலை உருவாக்குகிறது. அலைச்சறுக்குப் பதிவு கடலை உடலின் பின்புலமாக்க, படகுப் பதிவு அதைத் தொழிற்களமாகவும் சொற்களஞ்சியமாகவும் காட்டுகிறது. எனினும் படகின் குரல் ஓங்கியபோது கரையின் குரல் தாழ்ந்துள்ளது. ஆய்வாளர் இப்பதிவுகளை நெய்தலின் நீட்சி என்று பொதுவாகப் பாராட்டுவதைவிட, கூற்று யாருடையது, பொழுது எது, விடுபட்ட பணி எது என்று வினவுவது பயன் தரும்.

ஃபிளிப் கேமராவின் முடிவு, பெருநிறுவனத்தின் ஒரு முடிவால் ஒரு பதிவுமுறையே நின்றுபோகக்கூடும் என்பதைக் காட்டியது. இணைய அலைவரிசைகளும் அத்தகைய முடிவுகளுக்கு உட்பட்டவையே. கடற்கரை ஊர்களுக்கு அருகிலுள்ள பல்கலைக்கழக, கல்லூரித் தமிழ்த்துறைகள் நாட்டார் வழக்காறுகளைத் தொகுத்ததைப் போலவே, ஊராரின் இசைவுடன் மூலப்பதிவுகளைச் சேகரித்து, நாளும் இடமும் வட்டாரச் சொல்லும் குறித்து, ஒரு படியை ஊரிலேயே வைத்துப் பேணலாம். அத்தொகுப்பில் முதலில் இடம்பெற வேண்டியவை இதுவரை எடுக்கப்படாத கரைப் பணிகளே.