கட்டம் போட்ட சுவர்

பள்ளிச் சுவரில் பிள்ளைகளோடு சேர்ந்து வரைய வரும் ஓவியரிடம் எனக்கு முதலில் பிடிப்பது, அவர் பையிலிருக்கும் நூல். சாக்பீஸ் தூள் தடவி, இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு முனையைப் பிடிக்க, நடுவில் இழுத்துவிட்டால் சுவரில் நேர்கோடு விழும். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்கள். தாளிலிருக்கும் சின்னப் படம் கட்டம் கட்டமாகச் சுவருக்கு ஏறும். தன் கட்டத்தில் வருவது காதா, வாளியின் கைப்பிடியா என்று தெரியாமலே ஒருவன் வரைந்துகொண்டிருப்பான். கட்டங்கள் சேரும் ஓரத்தில்தான் சண்டை. அங்கே கோணிய கோட்டைத் திருத்தாமல் விடுகிறவரே என் கணக்கில் நல்ல ஓவியர்.

கோலார் தங்கவயலில் இதற்குத் தனி ருசி. தங்கச் சுரங்கங்களுக்காகச் சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே மின்சாரம் வந்த ஊர். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் உட்பட, சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. இன்றைய பிள்ளைகள் சுரங்கத்தை வரைய வேண்டுமென்றால் தாத்தாவைத்தான் கேட்க வேண்டும்: தலைவிளக்கு எப்படி இருக்கும், கூண்டில் எத்தனை பேர் இறங்குவீர்கள்? வெளியூர்க்காரர் என்பதால் ஓவியரும் கூச்சமின்றிக் கேட்கலாம். உள்ளூர் வாத்தியாருக்கு அந்தச் சலுகை கிடையாது.

சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுக்கு என்ன நிறம்? சாம்பல் என்பாள் ஒருத்தி, வெளிர்மஞ்சள் என்பான் இன்னொருவன். வெள்ளை எமல்ஷனில் மஞ்சள் ஸ்டெய்னர் எத்தனை சொட்டு என்பதை அவர்களே பேசி முடிக்கட்டும்.